அங்குலத்துக்கு எட்டு நூல்

கம்பிக் கடையில் சற்று நேரம் நின்றால் போதும், இந்தச் சொல் காதில் விழுந்துவிடும். “அண்ணே, நாலு நூல்ல இருபது லெங்த், மூணு நூல்ல முப்பது லெங்த் போடுங்க.” கேட்கிற கொத்தனாருக்கும் எடுத்துப் போடச் சொல்கிற கடைக்காரருக்கும் இடையே எந்தக் குழப்பமும் இல்லை. ரசீதில் எழுதுவது 12 மி.மீ., 10 மி.மீ. வாயில் வருவது நூல்.

தச்சுப் பட்டறையிலும் அப்படியே. “ரெண்டு நூல் இழைச்சு எடு”, “அரை நூல் தட்டுது”, “கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு அறு” என்று நாள் முழுவதும் இந்தச் சொல் புழங்குகிறது. இது துணி தைக்கும் நூலும் அல்ல, படிக்கும் நூலும் அல்ல. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மெட்ரிக் கணக்கில் 3.175 மி.மீ. அரை நூல் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. கால் நூல் என்றால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, முக்கால் மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல். கைவாளால் மரம் அறுப்பவருக்கு அதற்கும் கீழே இறங்க வேண்டிய தேவை அதிகம் வருவதில்லை.

இந்திய அளவைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அலகுகளில் நூல் கிடையாது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை படிக்கும் மாணவர் மில்லிமீட்டரில்தான் வரைபடம் போடுகிறார். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் நூல் அவர் வாயில் ஒட்டிக்கொள்கிறது. எழுத்தில் இடமில்லாத ஒரு சொல் பேச்சில் இவ்வளவு உறுதியாக ஏன் நிற்கிறது என்று தேடினால், வழி வெகு தூரம் பின்னோக்கிப் போகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எட்டில் ஒன்றுக்குத் தமிழில் பெயர் இல்லாத குறையால் நூல் வரவில்லை. எண்சுவடி படித்த தலைமுறைக்கு அது அரைக்கால். பதினாறில் ஒன்று மாகாணி. வீசம் என்றும் சொல்வார்கள். முப்பத்திரண்டில் ஒன்று அரைவீசம். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் இவற்றைக் கொண்டு பங்கு போட்ட சமூகம் இது. அப்படியிருந்தும் “அரைக்கால் அங்குலம்” என்று பட்டறையில் யாரும் சொல்வதில்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. எட்டில் ஏழு பங்கை மரபுப்படி சொன்னால் முக்காலே அரைக்கால். ஒரு பலகை முக்காலே அரைக்கால் அங்குலக் கனம்; அதில் காலே அரைக்கால் இழைத்து எடுத்தால் மிச்சம் எவ்வளவு? வாய்ப்பாடு நாவில் இருப்பவருக்கு உடனே விடை வரும். மற்றவர் தடுமாறுவார். பள்ளிக்கூட முறையில் எழுதினாலும் கீழ் எண்களைச் சமப்படுத்திக்கொண்டு, மேலே இருப்பவற்றைக் கழித்து, பிறகு சுருக்க வேண்டும். இழைப்புளியைக் கையில் பிடித்தபடி அதைச் செய்ய முடியாது. நூலில் சொன்னால் ஏழில் மூன்று போக நான்கு.

அரைக்கால் ஒரு பின்னம். நூல் ஓர் அலகு. இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பின்னம் எப்போதும் இன்னொன்றின் பங்காகவே நிற்கும். அலகு தனித்து நிற்கும்; அதை எண்ணலாம், கூட்டலாம், கழிக்கலாம். பகுதியும் தொகுதியும் கண்டு பள்ளியில் மிரண்ட பையன்கள் பட்டறையில் எட்டாம் பங்குகளைச் சரளமாகக் கூட்டுவதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். அவர்கள் பின்னக் கணக்குப் போடவில்லை. பின்னத்துக்கு ஒரு பெயர் வைத்ததால் அது முழு எண்ணாகிவிட்டது. பெயர் தெரியாத யாரோ சில தொழிலாளிகள் செய்த அறிவுக் காரியம் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழாய் வேலை செய்பவரிடம் நூல் அதிகம் கேட்காது. அவர் புழங்கும் அளவுகள் அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு. எட்டாம் பங்கு தேவைப்படாத இடத்தில் பழைய பின்னப் பெயர்களே போதுமானவை. அங்கே அரை, கால், முக்கால் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. எங்கே எட்டாகப் பிளக்க வேண்டியிருந்ததோ அங்கே மட்டும் நூல் நுழைந்திருக்கிறது.

சரி, எத்தனையோ சொற்கள் இருக்க ஏன் நூல்?

நூல் என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்திலும் நூல், கன்னடத்திலும் தெலுங்கிலும் நூலு. நூற்பது என்ற வினையோடு சேர்ந்தது. பஞ்சைத் திரித்து இழையாக்குவது நூற்பு. அப்படி வந்தது நூல். சொற்களைத் திரித்துக் கருத்தை இழையாக்கியது இன்னொரு நூல். இந்த இரண்டாம் பொருளைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். மூன்றாவது ஒரு நூல் உண்டு. அது தச்சனுடைய நூல்.

தச்சர் நேர்கோடு போட விரும்பினால் நூலைச் சாயத்தில் தோய்த்து, மரத்தின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விடுவார். நூல் அடிப்பது என்று பெயர். மரம் எங்கே வளைந்திருக்கிறது, எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது இரு முனையிலும் கட்டி இழுப்பதும் நூல். செங்குத்துப் பார்க்கக் குண்டு கட்டித் தொங்கவிடுவதும் நூல். “நூல் பிடித்தாற்போல்” என்று ஒழுங்குக்கு நாம் சொல்லும் உவமை இந்த வேலையிலிருந்து வந்தது.

பவணந்தி முனிவரின் நன்னூல் இந்த மூன்றாவது நூலைக் கொண்டே இரண்டாவது நூலை விளக்குகிறது. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல் மனிதர் மனத்தின் கோணலைக் கல்வி நூல் தீர்க்கிறது என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. 13ஆம் நூற்றாண்டில் ஓர் இலக்கண ஆசிரியர் பாயிரம் எழுதும்போது, படிப்பு என்றால் என்னவென்று காட்ட நேரே தச்சுக் களத்துக்குப் போயிருக்கிறார். அதற்கும் பல நூற்றாண்டு முந்திய நெடுநல்வாடையில் அரண்மனைக்கு இடம் வகுக்கும் காட்சி வருகிறது. கோல் நட்டு, நண்பகல் நிழலைப் பார்த்துத் திசை குறித்து, கட்டடக்கலை நூல் கற்றவர்கள் கயிறு பிடித்து மனையை வகுக்கிறார்கள். கற்ற நூலும் இழுத்த கயிறும் அங்கே ஒரே தொழிலுக்கு உரியவை.

வடமொழியிலும் இதே பிணைப்பு இருக்கிறது. சூத்திரம் என்றால் நூலிழை. சூத்திரம் என்றால் இலக்கணத்தின் சுருங்கிய விதி. சூத்திரதாரன் என்றால் நூலைப் பிடித்திருப்பவன். நாடகத்தை நடத்துபவனுக்கு அந்தப் பெயர்; தச்சனுக்கும் அதே பெயர். மராத்தியில் தச்சரை இன்றும் சுதார் என்கிறார்கள். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தச்சுக் குடியினர் சுதார் என்ற பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். எல்லாம் சூத்திரதாரன் தேய்ந்து வந்தவை. இந்தி பேசும் பட்டறைகளில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைச் சூத் என்கிறார்கள். நூல் என்பதற்கு நேர் இந்திச் சொல்தான் சூத். நம் ஊர்க் கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்திருக்கும் கம்பி கட்டுபவரிடம் நான்கு நூல் என்றால் அவர் மனத்துக்குள் ‘சார் சூத்’ என்று எடுத்துக்கொள்வார். பொருளும் ஒன்று, உருவகமும் ஒன்று.

இன்னும் தள்ளிப் போனாலும் இழை அறுபடவில்லை. அங்குலத்தின் சிறு பிரிவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய பெயர் உண்டு: லைன். பன்னிரண்டு லைன் ஓர் இஞ்ச். பிரெஞ்சில் லீஞ், பன்னிரண்டு லீஞ் ஒரு பூஸ், அதாவது ஒரு பெருவிரல். இந்த லைன், லீஞ் இரண்டும் லத்தீனின் லீனியா என்ற சொல்லிலிருந்து வந்தவை. லீனியா என்றால் ஆளிச்செடி நாரில் திரித்த நூல்; லினன் துணிக்குப் பெயர் தந்த அதே லீனும் என்ற வேர். அங்கேயும் இழுத்துக் கட்டிய நூலே நேர்கோடாகி, நேர்கோடே அளவுக்குப் பெயராகியிருக்கிறது. கைக்கடிகார இயந்திரத்தின் குறுக்களவை இன்றைக்கும் லீஞ் கணக்கில், ஒன்றுக்கு 2.256 மி.மீ. வீதம், சொல்கிறார்கள். சட்டைப் பொத்தான் தொழிலில் அதே பெயர் வேறு அளவில் வாழ்கிறது. அங்கே நாற்பது லைன் ஓர் அங்குலம். பதினெட்டு லைன் பொத்தான் என்பது ஏறத்தாழ 11.4 மி.மீ.

தமிழ் நூல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்றோ, பிரெஞ்சு லீஞ் இந்தியாவிலிருந்து போனது என்றோ நான் சொல்லவில்லை. நேர்கோடு போட எல்லா நாட்டுத் தச்சரும் இழையைத்தான் நம்பினார்கள். கோல் மேல் கீறிய கோடும் அடித்த நூலின் தடமும் பார்வைக்கு ஒன்றே. முறுக்கிய பருத்திக் கயிறு ஒன்றின் தடிப்பும் மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். கோட்டின் பெயர் கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு ஆகிவந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அங்கே பன்னிரண்டாகப் பிரிந்தது, இங்கே எட்டாகப் பிரிந்தது.

அந்த எட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் கொண்டுவந்த இஞ்ச் அளவுகோலில் எட்டும் பதினாறுமாகக் கோடு இருந்ததால்தான் நம் தொழிலாளர் எட்டுக்குப் பழகினார்கள் என்று நினைக்கத் தோன்றும். அது முழு உண்மையல்ல. அர்த்தசாத்திரத்தின் அளவைப் பகுதியில் எட்டு வாற்கோதுமை மணிகளின் நடுத்தடிப்பு ஓர் அங்குலம். அதற்குக் கீழேயும் எட்டு எட்டாகவே வரிசை இறங்குகிறது. மானசாரம், மயமதம் போன்ற சிற்ப நூல்களிலும் எட்டு யவம், அதாவது எட்டு வாற்கோதுமை, ஓர் அங்குலம்; இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம். தமிழில் இதை இன்னும் அழகாகச் சொல்லியிருப்பவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கை இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளக்கிறார்கள்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். அந்த விரலுக்கு உரையாசிரியர் கணக்குச் சொல்கிறார். எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஓர் இம்மி, எட்டு இம்மி ஓர் எள், எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு பெருவிரல்.

எட்டு நெல் ஒரு விரல். எட்டு நூல் ஓர் அங்குலம். நடுவில் கோலின் நீளம் மாறியது, விரலின் அகலம் மாறியது, ஆட்சி மாறியது, எட்டு மாறவில்லை. கேரளத் தச்சு மரபிலும் ஒரு கோல் இருபத்துநான்கு விரல், ஒரு விரல் எட்டு யவம். அங்கே கோல் 72 சென்டிமீட்டர், விரல் மூன்று சென்டிமீட்டர்.

பாதியாக்குவது கைக்கு எளிது என்பதே எட்டின் பலம். ஒரு நூலை எடுத்து இரண்டாக மடக்கினால் அரை, மறுபடி மடக்கினால் கால், மறுபடி மடக்கினால் அரைக்கால். அளவுகோலே வேண்டாம். பாதி பாதியாக மடக்கிப் பத்தாகப் பிரிக்க முடியாது.

ஆகவே இஞ்ச் வந்தபோது தச்சருக்குப் புதிதாய் இருந்தது அதன் நீளம் மட்டுமே, பிரிவு அல்ல. அங்குலம் என்ற பழைய பெயரையே அதற்குக் கொடுத்தார்கள். இதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. மரபுச் சிற்பிகள் கையாளும் தச்சு முழம் இரண்டடி ஒன்பது அங்குலம், அதாவது 33 இஞ்ச். அதை இருபத்துநான்கால் வகுத்தால் வரும் பழைய அங்குலம் ஒன்றேகாலே அரைக்கால் இஞ்ச். பட்டறை மொழியில் பதினொரு நூல். பதினொரு நூல் நீளமிருந்த ஒன்றின் பெயரை எட்டு நூல் நீளமுள்ள ஒன்று எடுத்துக்கொண்டது. கோயில் கட்டும் ஸ்தபதி சொல்லும் அங்குலமும் கதவு செய்யும் தச்சர் சொல்லும் அங்குலமும் ஒன்றல்ல என்பதை மறந்தவர்கள் பழைய சிற்ப நூலை இஞ்ச் டேப்போடு படித்துக் குழம்புகிறார்கள்.

இங்கிலாந்திலும் இஞ்ச் தானியத்தில்தான் பிறந்தது. அங்கே மூன்று வாற்கோதுமையை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் இஞ்ச். ஆங்கிலச் செருப்பு அளவு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இஞ்சில் மூன்றில் ஒரு பங்கு ஏறுவது அந்தத் தானியத்தின் மிச்சம். இஞ்ச் என்ற சொல்லோ லத்தீன் உன்சியாவிலிருந்து வந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு என்று பொருள். அவர்கள் அடியைப் பங்கு போட்டு இஞ்சுக்குப் பெயர் வைத்தார்கள். நாம் விரலை வைத்து அங்குலம் என்றோம்.

அந்த இஞ்ச் எவ்வளவு நீளம் என்பதிலேயே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரண்டு நாடுகளுக்கு ஒற்றுமை இல்லை. பிரிட்டனின் இஞ்சும் அமெரிக்காவின் இஞ்சும் பத்து லட்சத்தில் மூன்று பங்கு வேறுபட்டன. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் தம் புகழ்பெற்ற அளவுக் கட்டைகளை இஞ்ச் கணக்கில் செய்தபோது இரண்டுக்கும் நடுவே 25.4 மி.மீ. என்ற எண்ணை எடுத்துக்கொண்டார். கட்டைகள் உலகெங்கும் பரவ, எண்ணும் பரவியது. பிரிட்டிஷ் தொழில்துறை 1930இலும் அமெரிக்கத் தொழில்துறை 1933இலும் அதை ஏற்றன. 1959 ஜூலை 1 முதல் ஆங்கில அளவு வழங்கிய ஆறு நாடுகளின் ஒப்பந்தப்படி இஞ்ச் என்பது துல்லியமாக 25.4 மி.மீ. ஆக, இன்றைக்கு இஞ்சுக்குத் தனி இலக்கணம் கிடையாது. மீட்டரை வைத்தே அதற்கு இலக்கணம். நம் நூலும் அப்படியே 3.175 என்ற முடிவான எண்ணில் நிற்கிறது. மூன்று இலக்கத்தோடு முடிந்துவிடும் எண், நீண்டுகொண்டே போகாது.

இந்த எண்ணைக் கொண்டு மாற்றுக் கணக்குப் போடுபவருக்குச் சில நல்ல சந்திப்புகள் உண்டு. நாற்பது நூல் ஐந்து அங்குலம், சரியாக 127 மி.மீ. அறுபத்துமூன்று நூல் 200.025 மி.மீ. டேப்பில் 20 சென்டிமீட்டர்க் கோட்டைப் பாருங்கள். மேல் பக்கத்தில் ஏழு அங்குலம் ஏழு நூல் கிட்டத்தட்ட அதன் தலைமேலேயே நிற்கும். ஐந்தால் பெருக்கினால் 315 நூல் ஒரு மீட்டர். வித்தியாசம் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. முப்பத்தொன்பது அங்குலம் மூன்று நூல் ஒரு மீட்டர் என்று பழைய ஆட்கள் சொல்வது மரவேலைக்கு முற்றிலும் சரியான கணக்கு.

லேத் பட்டறையில் 127, 63 என்ற இந்த இரண்டு எண்களும் பல் சக்கரமாகவே கண்ணுக்குத் தெரியும். அங்குல லேத்தின் லீட் ஸ்க்ரூவில் இஞ்சுக்கு எட்டுப் புரி இருந்தால் ஒரு சுற்றுக்குக் கருவி நகரும் தூரம் சரியாக ஒரு நூல். அதில் மெட்ரிக் மரை வெட்ட வேண்டுமானால் 127 பல் உள்ள சக்கரம் போட வேண்டும். 127 பகா எண் என்பதால் சிறிய சக்கரங்களைச் சேர்த்து அதை உண்டாக்க வழியில்லை. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு இடமில்லாத சிறிய லேத்துகளில் 63 பல் சக்கரத்தைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். அறுபத்துமூன்று நூல் 200 மில்லிமீட்டரை நெருங்குகிறது என்பதே அதன் சூட்சுமம். எட்டாயிரத்தில் ஒரு பங்கு பிழை. ஒரு நட்டின் கனத்துக்குள் அது தெரியவே தெரியாது.

ஸ்பானர் எடுப்பவருக்கும் இதில் பயன் உண்டு. ஆறு நூல் 19.05, ஐந்து நூல் 15.875, இரண்டரை நூல் 7.94. எனவே 19, 16, 8 என்று குறித்த ஸ்பானர்கள் அந்த அளவுத் தலைகளில் ஒழுங்காக உட்காரும். நான்கு நூல் 12.7, அதில் 13ஆம் எண் ஸ்பானரைப் போட்டு முழு பலத்தோடு திருப்பினால் தலையின் மூலைகள் மழுங்கும். மரையில் இந்தச் சலுகையும் கிடையாது. விட்வொர்த் என்னும் இஞ்ச் மரை கொண்ட அரை இஞ்ச் நட்டுக்குள் 12 மி.மீ. போல்ட் தளர்வாக நுழையும், பிடித்துக்கொண்டது போலவும் தோன்றும். விட்வொர்த் மரைக்கு 55 பாகைக் கோணம், இஞ்சுக்குப் பன்னிரண்டு புரி. மெட்ரிக் மரைக்கு 60 பாகை, புரிக்குப் புரி 1.75 மி.மீ. பளு ஏறியதும் உருவிக்கொண்டு வந்துவிடும். இங்கே மனக்கணக்குக் கூடாது, மரை கேஜ் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

நூலுக்கு எட்டாத கணக்கும் உண்டு. பதினான்கு அங்குலம் மூன்று நூல் அகலமுள்ள பலகையை இரண்டாக்கினால் ஏழு அங்குலம் ஒன்றரை நூல். டேப்பில் கோடு இருக்கிறது. மூன்றாக்கினால் நான்கு அங்குலம் ஆறு நூல், அதோடு நூலில் மூன்றில் ஒன்று. அதற்குக் கோடே இல்லை. மெட்ரிக்கில் அதே பலகை 365 மி.மீ.; மூன்றாக்கினால் 121.7. 121க்கும் 122க்கும் நடுவே பென்சில் வைத்துவிடலாம். மூன்று, ஐந்து, ஏழு என்று பங்கு வரும் அலமாரித் தடுப்புகளுக்கு மில்லிமீட்டர் உண்மையாகவே நல்லது. ஆனால் தொடங்கிய அளவிலேயே முடிக்க வேண்டும். பாதி அளவை நூலிலும் பாதியை மில்லிமீட்டரிலும் எடுத்து ஒவ்வொரு முறையும் கிட்டத்தில் உள்ள கோட்டுக்கு நகர்த்தினால், நகர்த்தியதெல்லாம் கடைசி மூட்டில் வந்து சேரும்.

பாக் நீரிணைக்கு அப்பாலும் நூல் இருக்கிறது. இலங்கைத் தமிழ்த் தச்சர் மட்டுமல்ல, சிங்களத் தச்சரும் எட்டில் ஒரு பங்கை நூல் என்றே சொல்கிறார்கள். சிங்களத்தில் இழைக்கு வழங்கும் நூல என்ற சொல்லே தமிழிலிருந்து போனது. இலங்கையும் 1970களில் மெட்ரிக்குக்கு மாறிய நாடு. அங்கேயும் பட்டறை மாறவில்லை. கேரளத்தில் விரலும் யவமும் மரபுத் தச்சரிடம் இருக்க, இஞ்ச் டேப் பிடிப்பவரிடம் நூல் இருக்கிறது. நெய்கிற நூலையே எடுத்துக்கொண்டாலும், கோவை, திருப்பூர்ப் பக்கம் நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் நாற்பது என்று பொருள். பவுண்டும் கெஜமும் கடையிலிருந்து போய்விட்டன; நூற்பாலையின் எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தியாவில் மெட்ரிக் மாற்றம் திட்டமிட்டே நடந்தது. 1956இல் எடை அளவைச் சட்டம்; 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா; 1958 அக்டோபரில் தொடங்கி, 1960களின் தொடக்கத்துக்குள் கிலோவும் மீட்டரும் கட்டாயமாயின. சந்தையில் சேரும் வீசையும் மறைந்தன. அவற்றின் கற்கள் மாறின, மாறியதும் பெயரும் போயிற்று. கம்பியும் பலகையும் வேறு விதமாக மாறின. பொருளின் அளவு மில்லிமீட்டருக்கு நகர்ந்தது, பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது. சொல்லின் வரலாற்றில் இதுவே கவனிக்க வேண்டிய திருப்பம். அதுவரை நூல் ஓர் அளவு. இங்கே அது ஒரு பெயராகிவிட்டது.

ஒட்டுப்பலகையைப் பாருங்கள். முக்கால் இஞ்ச், அதாவது ஆறு நூல், 19.05 மி.மீ. 19 மி.மீ. பலகை வாங்கினால் பெயருக்கும் பொருளுக்கும் பழுதில்லை. 18 மி.மீ. பலகையும் கடைப் பேச்சில் முக்கால் இஞ்ச்தான். ஆறு பலகைகள் அடுக்கடுக்காக வரும் அலமாரியை ஆறு நூல் என்று கணக்குப் போட்டு 18 மி.மீ. பலகையில் செய்தால் மொத்தத்தில் 6.3 மி.மீ., அதாவது இரண்டு நூல் குறையும். கதவு பொருத்தும்போது அந்த இடைவெளி கண்ணில் படும்.

கம்பியில் விளைவு இன்னும் ஆழமானது. மெட்ரிக்குக்கு முன் கால், மூன்று நூல், அரை, ஐந்து நூல், முக்கால் என்று இஞ்சிலேயே கம்பி வந்தது. இப்போது 6, 8, 10, 12, 16, 20, 25. ஒவ்வொன்றும் பக்கத்திலிருந்த நூலின் பெயரை எடுத்துக்கொண்டது. மூன்று நூல் 9.525, வருவது 10. வெட்டுமுகப் பரப்பில் நூற்றுக்குப் பத்து கூடுதல் இரும்பு. ஆறு நூல் 19.05, வருவது 20. அதிலும் பத்து கூடுதல். ஐந்து நூலும் 16ம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நான்கு நூல் 12.7, வருவது 12. குறுக்களவில் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத குறைவு, பரப்பில் நூற்றுக்குப் பத்தேமுக்கால் வரை இரும்பைக் குறைத்துவிடுகிறது. இரண்டு நூல் என்று வாங்கும் 6 மி.மீ. கம்பியிலும் அதே குறைவு. குறுக்களவின் வர்க்கத்தோடு பரப்பு ஏறி இறங்குவதால் இப்படி ஆகிறது.

பொறியாளர் 12 மி.மீ. என்று வரைந்து, அதை மேஸ்திரி நான்கு நூல் என்று சொல்லி, கடைக்காரர் 12 மி.மீ. எடுத்துப் போட்டால் ஒரு நட்டமும் இல்லை; வழியில் பெயர் மட்டும் மாறி மீண்டும் திரும்புகிறது. பழைய இஞ்ச் வரைபடத்தை வைத்துப் பழைய வீட்டின் மேல் மாடி எடுப்பவர், அரை இஞ்ச் கம்பி என்று அதில் இருப்பதைப் பார்த்து இன்றைய நான்கு நூலைக் கேட்டு வாங்கினால் மட்டும் கணக்கு இடறும். அவர் அங்கே எண்ணிக்கையைக் கூட்டியோ இடைவெளியைக் குறைத்தோ பொறியாளரிடம் மறுகணக்குக் கேட்க வேண்டும்.

எந்த நூல் என்பதைத் தராசு சொல்லிவிடும். கம்பியின் குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடும். கட்டட வேலையில் இருப்பவர்களுக்கு மனப்பாடமான வாய்ப்பாடு இது. 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று 10.66 கிலோ நிற்க வேண்டும். பழைய, உண்மையான நான்கு நூல் கம்பியாக இருந்தால் அதே நீளம் 11.9 கிலோவைத் தொடும். உருட்டாலையில் எடைக்குச் சிறிது கூடக்குறைய அனுமதி உண்டு என்பதால் ஒரு கம்பியை மட்டும் நிறுத்துப் பார்த்து முடிவு கட்டக் கூடாது; ஒரு கட்டையே தராசில் ஏற்றி, கம்பிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும்.